நாம் எந்தக் கூட்டம்?

(பல்லடத்தில் ஒரு வாசகர் வட்டத்தின் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அமைப்புகளும் வேலைவாய்ப்பும் என்று தலைப்பு கொடுத்திருக்கிறீர்கள். இந்தத் தலைப்பில் பேச வருகிறவர்கள் இட ஒதுக்கீடு, நிரப்பப்படாத பணியிடங்கள், தனியார்மயம் என்று பேசுவார்கள். அதெல்லாம் பேச வேண்டியதுதான். நான் இன்று அதிகம் பேசாத ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். ஒரே அமைப்பில் இருக்கிற நாம் ஒருவருடைய பிழைப்புக்கு இன்னொருவர் என்ன உதவியாக இருக்கிறோம்?

கொங்குப் பகுதியில் 'கூட்டம்' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று, இப்போது நாம் நடத்திக்கொண்டிருப்பது. இன்னொன்று, குலம். "நீங்க என்ன கூட்டமுங்க?" என்று ஒருவர் கேட்டால், எந்தக் குலதெய்வக் கோயிலுக்குப் பாத்தியப்பட்டவர், யாருக்குப் பங்காளி, யாருக்கு மாமன் மச்சான் என்பதையெல்லாம் ஒரே கேள்வியில் கேட்கிறார். பதில் வைத்திருப்பவருக்கு அது அறிமுகம். பதில் இல்லாதவருக்கு அதுவே அடையாள அட்டை.

முதுகலை முடித்த வருடம் ஒரு தனியார் கல்லூரியில் ஆசிரியர் வேலைக்கு நேர்காணலுக்குப் போனேன். பாடத்தில் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். கடைசியில் ஒரு பெரியவர், "பல்லடமுங்களா? பல்லடத்துல எங்கீங்க?" என்றார். ஊர்ப் பெயரைச் சொன்னேன். அந்த ஊரில் நாலைந்து பேர்களைச் சொல்லி, "இவங்களையெல்லாம் தெரியுங்களா?" என்றார். தெரியும். அதில் இரண்டு பேருடைய தோட்டத்தில் என் அம்மா களையெடுத்திருக்கிறார். ஆனால் அவர் கேட்ட 'தெரியுமா' வேறு. வேலை கிடைக்கவில்லை. அதற்கு இதுதான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது. இந்த ஏற்பாட்டின் கெட்டிக்காரத்தனமே அதுதான்.

இது என் ஒருவனுடைய அனுபவம் மட்டும் என்றால் இங்கே சொல்லியிருக்க மாட்டேன். 2007-ல் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். செய்தித்தாளில் வந்த தனியார் நிறுவன விளம்பரங்களுக்கு, ஒரே மாதிரித் தகுதியோடு, பெயரை மட்டும் மாற்றி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். உயர்சாதிப் பெயருக்கு நேர்காணல் அழைப்பு வருகிற வாய்ப்போடு ஒப்பிட்டால், தலித் பெயருக்கு அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குதான் இருந்தது. அதே ஆண்டு சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும், ஆளெடுக்கும் மேலாளர்களிடமே பேசி எழுதினார்கள். எல்லோரும் தகுதிதான் முக்கியம் என்றார்கள். அதே வாயால், குடும்பப் பின்னணியையும் கேட்டுத் தெரிந்துகொள்வோம் என்றார்கள்.

இப்போது நம் ஊருக்கு வருவோம். திருப்பூர் எப்படி வளர்ந்தது என்று யாரைக் கேட்டாலும் ஒரே வார்த்தைதான் சொல்வார்கள்: உழைப்பு. பனியன் கம்பெனியில் கைமடிக்க வந்தவர் டெய்லரானார், டெய்லர் காண்ட்ராக்டரானார், காண்ட்ராக்டர் முதலாளியானார் என்பார்கள். இது முழுப் பொய்யும் இல்லை. ஷரத் சாரி 2004-ல் வெளியிட்ட திருப்பூர் ஆய்வு நூலில் இந்த உழைப்புக் கதையைத்தான் எடுத்து ஆராய்ந்தார். விவசாயக் குடும்பத்திலிருந்து தொழிலாளியாக வந்த கவுண்டர்கள் முதலாளிகளாக மாறியதில் உழைப்பு இருந்தது. கூடவே ஒரு சகோதரக் கூட்டும் இருந்தது.

திருப்பூர்த் தொழிலின் அமைப்பே அப்படி. நிட்டிங் ஓரிடம், சாயம் ஓரிடம், கட்டிங், தையல், செக்கிங், அயர்ன் எல்லாம் வேறு வேறு இடம். பத்து மிஷின் போட்டால் ஒரு ஜாப் ஒர்க் யூனிட் தொடங்கிவிடலாம். ஆனால் அந்தப் பத்து மிஷினுக்கு யார் கடன் தருவார்? நூலை யார் கடனுக்குத் தருவார்? முதல் ஆர்டரை யார் நம்பிக் கொடுப்பார்? மச்சான் கொடுப்பார். பங்காளி ஜாமீன் நிற்பார். ஆக, உழைப்பு எல்லோரிடமும் இருந்தது. தெரிந்தவர்கள் சிலரிடம்தான் இருந்தார்கள். பத்து மணி நேரம் நின்று உழைத்த அருந்ததியர் தோழர் ஏன் இன்னும் கைமடித்துக்கொண்டிருக்கிறார் என்ற கேள்விக்கு, உழைப்புக் கதையில் பதில் கிடையாது.

'சாதிதான் நம் நாட்டின் சமூக மூலதனம், அதைக் குறை சொல்லாதீர்கள்' என்று எழுதுகிற பொருளாதார அறிஞர்கள் இருக்கிறார்கள். எம்.விஜயபாஸ்கரும் ஆ.கலையரசனும் 2014-ல் திருப்பூரை வைத்தே அதற்குப் பதில் எழுதினார்கள். ஒருவருக்கு மூலதனமாக இருக்கிற அதே சாதி, இன்னொருவருக்கு அடைத்த கதவாக இருக்கிறது என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம்.

சங்கம் என்ற வடிவத்துக்கு எவ்வளவு பலம் இருக்கிறது என்பதையும் அங்கேதான் பார்க்க வேண்டும். திருப்பூர் ஏற்றுமதியாளர்கள் சங்கம் 1990-ல் தொடங்கியது. லாபத்துக்காக நடக்கும் கம்பெனி அல்ல, உறுப்பினர்களின் சங்கம். அந்தச் சங்கமும் சேர்ந்து உருவாக்கிய நிறுவனத்தின் மூலம் பவானி ஆற்றுத் தண்ணீரே திருப்பூருக்கு வந்தது. நம் பல்லடத்தில் கறிக்கோழிக்குப் பண்ணை விலை அறிவிக்க ஒரு ஒருங்கிணைப்புக் குழு இருக்கிறது. ஜவுளி உற்பத்தியாளர்களுக்குச் சங்கம் இருக்கிறது. அவர்களிடம் கூலி உயர்வு கேட்கிற விசைத்தறி உரிமையாளர்களுக்கும் சங்கம் இருக்கிறது. அந்தத் தறியில் நின்று ஓட்டுகிறவரிடம் என்ன இருக்கிறது? அட்வான்ஸ் இருக்கிறது. வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கட்டாமல் வேறு தறிக்குப் போக முடியாது. கிரேஸ் கார்ஸ்வெல், கீர்ட் டி நெவ் இருவரும் திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் செய்த ஆய்வு இதைக் காட்டுகிறது. ஓர் ஊரில் தலித் இளைஞர்கள் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்க் கொஞ்சம் மூச்சு விட்டார்கள். இன்னோர் ஊரில் தறி அட்வான்ஸ் அவர்களை உள்ளூரிலேயே கட்டிப்போட்டது. ஒரே வட்டாரம்தான். வெளியே போகிற வழி யாருக்குத் திறந்திருந்தது என்பதுதான் வித்தியாசம்.

மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1973-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை ஒன்று உண்டு. வேலை பற்றிய புதுச் செய்தி நெருங்கிய சொந்தத்திடமிருந்து வருவதைவிட, எப்போதோ பார்க்கிற அறிமுகக்காரரிடமிருந்துதான் அதிகம் வருகிறது என்றார். நம் தெருவை நினைத்துப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட ஆள் இருக்கிறார்கள். பாசத்துக்குக் குறைவே இல்லை. ஆனால் எல்லோருக்கும் தெரிந்தது ஒரே தறி, ஒரே கம்பெனி, ஒரே சம்பளம். அடுத்த உலகத்தில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் இல்லை.

அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலேயே இதன் இரண்டு பக்கமும் இருக்கிறது. பம்பாயில் ஒரு பூங்காவில் படித்துக்கொண்டிருந்த சிறுவன் பீமராவைக் கவனித்தவர் கிருஷ்ணாஜி அர்ஜுன் கேலுஸ்கர் என்ற ஆசிரியர். சொந்தம் இல்லை, சொந்தச் சாதியும் இல்லை. பரோடா மன்னர் சாயாஜிராவிடம் அந்த மாணவனுக்காகப் பேசியவர் அவர்தான். மன்னரின் உதவித்தொகையில் படித்த அந்த இளைஞர், 1913-ல் அதே மன்னரின் உதவியோடு கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனார். அறிவும் உழைப்பும் அண்ணலுடையவை. வாசலைக் காட்ட ஒருவர் வேண்டியிருந்தது.

இன்னொரு பக்கம் 1917. படித்துத் திரும்பியவருக்குப் பரோடாவில் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதியில் பெயரை மறைத்துத் தங்கினார். தடியோடு வந்தவர்கள் வெளியேற்றினார்கள். ஊரில் அவருக்கு நண்பர்கள் இரண்டு பேர் இருந்தார்கள், ஓர் இந்து, ஒரு கிறித்தவர். இரண்டு பேருமே இடம் தரவில்லை. அவரே இதை எழுதி வைத்திருக்கிறார். ஆகவே தெரிந்தவர் இருந்தால் மட்டும் போதாது. தெரிந்தவர் சாதியைத் தாண்டி நிற்கத் தயாராகவும் இருக்க வேண்டும்.

இதை அமைப்பாகவே செய்து காட்டியவர் கான்ஷிராம். புனேயில் பாதுகாப்புத்துறை ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தபோது, அம்பேத்கர், புத்தர் பிறந்தநாள் விடுமுறைகளை ரத்து செய்ததை எதிர்த்த தீனாபானா என்ற கடைநிலை ஊழியருக்காக நின்றார். அங்கே தொடங்கிய பயணம் 1978 டிசம்பர் 6-ல் பாம்செஃப் ஆனது. பிற்படுத்தப்பட்ட, பட்டியல் சாதி, பழங்குடி, சிறுபான்மை அரசு ஊழியர்களின் கூட்டமைப்பு. இட ஒதுக்கீட்டால் மேலே வந்தவர்களின் அறிவும் பணமும் நேரமும் சமூகத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதுதான் அடிப்படை. தனித்தனி மேசைகளில் தனியாக உட்கார்ந்திருந்தவர்களை அது ஒன்று சேர்த்தது. ஆனால் அது அரசு ஊழியர்களை நம்பி எழுந்த அமைப்பு. நம்மில் எத்தனை பேர் அரசு ஊழியர்? ஒப்பந்த வேலை, ஐடி, ஸ்விக்கி, மெடிக்கல் ரெப், சொந்தத் தொழில் என்று சிதறிக் கிடக்கிறோம். நமக்கு அதைவிட இன்னும் நெருக்கமான வலை வேண்டும்.

ஆனால் நம் அமைப்புகளில் என்ன நடக்கிறது? பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற தோழருக்கு எந்தப் புத்தகம் பிடிக்கும், எந்தக் கட்சி மேல் கோபம் என்று நமக்குத் தெரியும். அவர் என்ன வேலை செய்கிறார் என்று தெரியாது. ஏப்ரல் 14-க்கும் செப்டம்பர் 17-க்கும் மாலை போட ஒன்றாகப் போகிறோம். வேலை போய் மூன்று மாதமாக அவர் வீட்டில் இருப்பதை அப்புறம்தான் கேள்விப்படுகிறோம். பட்டியல் சாதி மாணவர்களுக்குத் தேசிய ஆய்வு உதவித்தொகை என்று ஒன்று இருப்பதை எனக்குச் சொன்னவர் பேராசிரியர் அல்ல. ஒரு கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் இருந்த மின்வாரிய ஊழியர். அவருடைய தங்கை அதை வாங்கிக்கொண்டிருந்தார். அன்று நான் வேறு நாற்காலியில் உட்கார்ந்திருந்தால்? ஒரு மனிதரின் வாழ்க்கை நாற்காலியை நம்பி இருக்கக் கூடாது, தோழர்களே.

'இது சிபாரிசு இல்லையா?' என்று கேட்பீர்கள். சிபாரிசு என்பது தகுதி இல்லாதவரைப் பின்வாசலில் நுழைப்பது. நான் கேட்பது, வாசல் எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்வது. 'அப்படியானால் நாமும் ஒரு சாதிச் சங்கம் ஆகிவிட மாட்டோமா?' இது இன்னும் நியாயமான பயம். சாதிச் சங்கம் பிறப்பைக் கேட்டுக் கதவைத் திறக்கிறது. அதே வலைதான் பெண்ணையும் காவல் காக்கிறது. 2016-ல் உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் வெட்டியபோது நாம் பார்த்தோம். நம் வலையில் சேர ஒரே தகுதி, சாதியை ஒழிக்க வேண்டும் என்று நினைப்பது. பட்டியல் சாதிகளுக்குள்ளும் இது பொருந்தும். அருந்ததியருக்கு 2009-ல் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த இடங்களுக்கு விண்ணப்பம் போட வைப்பது மற்ற தோழர்களின் வேலையும்தான்.

கவுண்டர், நாயக்கர், செட்டியார் குடும்பங்களிலிருந்து வந்திருக்கிற தோழர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் சாதிப் பெயரை விட்டுவிட்டீர்கள், மகிழ்ச்சி. ஆனால் உங்கள் மாமா கம்பெனியில் ஆள் எடுக்கிற செய்தி இன்னும் உங்கள் குடும்ப வாட்ஸ்அப்பில்தான் வருகிறது. அதை இங்கே கொண்டு வாருங்கள். நிலம் மாதிரி, தெரிந்தவர்களும் ஒரு சொத்து. பரம்பரையாக வந்த சொத்து. அதைப் பங்கு போடாமல் சாதி மறுப்பு முழுமை ஆகாது.

என்ன செய்யலாம்? பெரிய திட்டம் எதுவும் இல்லை. ஒரு நோட்டு போதும். ஒவ்வொருவரும் என்ன வேலை, என்ன தெரியும், எதைச் சொல்லித்தர முடியும் என்று விருப்பப்பட்டு எழுதட்டும். மாதக் கூட்டத்தின் முதல் அரைமணி நேரம் வேலைச் செய்திக்கு. டிஎன்பிஎஸ்சி அறிவிப்பு முதல் பக்கத்து மில்லில் ஃபிட்டர் காலியிடம் வரை. சம்பளத்தையும் வெளிப்படையாகச் சொல்லுங்கள். பக்கத்து மேசைக்காரருக்கு எவ்வளவு என்று தெரியாததால்தான் நம் ஆட்கள் குறைத்துக் கேட்கிறார்கள்.

சொந்தத் தொழிலுக்கு ஓர் உதாரணம். பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்காகத் தமிழ்நாடு அரசு 2023-ல் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் கொண்டு வந்தது. 35 விழுக்காடு முதலீட்டு மானியம், உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய், 6 விழுக்காடு வட்டி மானியம். நல்ல திட்டம். ஆனால் திட்ட அறிக்கை யார் எழுதுவார்? மிஷினுக்குக் கொட்டேஷன் எங்கே வாங்குவது? வங்கி மேலாளர் இழுத்தடித்தால் என்ன செய்வது? மாவட்டத் தொழில் மையத்தில் ஏற்கெனவே அலைந்த தோழர் ஒருவர் கூட வந்தால் ஆறு மாத அலைச்சல் மிச்சம். அரசு மானியம் தரும், முதல் ஆர்டரைத் தராது. அதை நாம்தான் தேடித்தர வேண்டும்.

கடைசியாக, பெண்கள். நம் ஊரில் ஆண்கள் எல்லா விஷயத்தையும் பேக்கரியில் நின்று பேசி முடித்துவிடுகிறோம். கூட்டம் முடிந்த பிறகு நடக்கிற அந்த டீக்கடைப் பேச்சில்தான் பாதிச் செய்தி கைமாறுகிறது. அதே நேரத்தில் பெண் தோழர்கள் கடைசிப் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறார்கள். சாதி ஒரு கதவை அடைத்தது, பேக்கரி இன்னொன்றை அடைக்கிறது. வேலைச் செய்தி இந்த அறையில், எல்லோரும் இருக்கும்போது, பகலில் சொல்லப்பட வேண்டும்.

அடுத்த முறை யாராவது ஒரு நேர்காணலில் நம் பிள்ளையிடம் "அங்க யாரையெல்லாம் தெரியும்?" என்று கேட்டால், சொல்ல அவரிடம் பெயர்கள் இருக்க வேண்டும். ஒரு வக்கீல், ஓர் ஆடிட்டர், ஒரு நர்ஸ், ஒரு மெர்ச்சண்டைசர், ஒரு மின்வாரிய அண்ணன். நோட்டு இங்கே மேசை மேல் இருக்கிறது. என் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன். முனைவர் பட்ட விண்ணப்பம், உதவித்தொகை, ஆய்வு முன்மொழிவு பற்றி யார் வேண்டுமானாலும் கேட்கலாம் என்று போட்டிருக்கிறேன். போவதற்கு முன் எல்லோரும் ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள்.