பாலம் தாண்டிட்டமே?
(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



டொக்டரை மேடையில் ஏற்றினால் நீரிழிவைப் பற்றித்தான் பேசப்போகிறார் என்று சிலர் பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டாம். "நீங்கள் மூன்று பேரும் ஜேர்மனிக்குப் போய் ஓடின கதையைச் சொல்லுங்கோ" என்றுதான் சங்கச் செயலாளர் கேட்டார். ஆகவே இது மூன்று பேரின் கதை. ஒருத்தி கனடாவில் ஆசிரியை, ஒருத்தி லண்டனில் கணக்காளர், மற்றவள் இங்கே நிற்கும் டொக்டர். மூவரும் ஒரே வகுப்பு, ஒரே வாங்கு.

பவேரியா மாநிலத்தில் ரோத் என்றொரு சிறிய ஊர். அங்கே ஒவ்வொரு கோடையிலும் நீள்தூர ட்ரையத்லோன் நடக்கிறது. 3.8 கிலோமீற்றர் நீச்சல், 180 கிலோமீற்றர் சைக்கிள், 42.2 கிலோமீற்றர் ஓட்டம். மூன்றையும் ஒரே நாளில், 15 மணித்தியாலத்துக்குள் முடிக்க வேண்டும். 2024 இல் ஆன் ஹௌக் என்ற ஜேர்மனியப் பெண் 8 மணி 2 நிமிடம் 38 செக்கனில் முடித்தார். நாங்கள் அந்தச் சாதியே அல்ல. இல்ல விளையாட்டுப் போட்டியில் அணிநடையைத் தவிர வேறொன்றிலும் எங்களை எடுத்ததில்லை. எங்கள் விளையாட்டு ரீச்சர் முன்வரிசையில் சிரிக்கிறார். அவருக்குத் தெரியும்.

சைக்கிளுக்கு நாங்கள் பயப்படவில்லை. மின்சாரமும் பெற்றோலும் இல்லாத யாழ்ப்பாணத்தில், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட வீடுகளில் வளர்ந்தோம். விடிய ரியூசன், பிறகு கல்லூரி, பின்னேரம் மறுபடி ரியூசன், எல்லாம் சைக்கிளில்தான். 1995 ஒக்ரோபர் 30 இரவு அதே சைக்கிள்களை மழைக்குள் நாவற்குழிப் பாலத்தை நோக்கி உருட்டினோம். ஏறி மிதிக்க இடமில்லை. அடிக்கு அடி சனம். இங்கே இருக்கும் பலருக்கு அந்த இரவைப் பற்றி நாங்கள் சொல்லத் தேவையில்லை.

நீச்சல்தான் பிரச்சினை. சுற்றிவரக் கடல் இருக்கும் ஊரில் பிறந்தும் எங்களில் ஒருத்திக்கும் நீந்தத் தெரியாது. கீரிமலைப் பெண்கள் கேணியில் படியைப் பிடித்துக்கொண்டு முழுகியதோடு சரி. நாற்பது வயதில், கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும், ஆறு வயதுப் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் நின்று தண்ணீருக்குள் மூச்சு விடப் பழகினோம். ஒருத்தி 25 மீற்றர் கடந்த அன்று மற்ற இருவரும் நடுச்சாமத்தில் எழும்பி வாட்ஸ்அப்பில் கைதட்டினோம். 3.8 கிலோமீற்றர் போக இரண்டு வருடம் எடுத்தது. தனியாக என்றால் இரண்டாம் கிழமையே விட்டிருப்போம்.

ரோத்தில் நீச்சல் கடலில் இல்லை, மைன்-டனியூப் கால்வாயில். அன்றைக்குக் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். இரண்டு பக்கமும் கரை தெரியும். எங்களைப் போன்றவர்களுக்கு அது பெரிய ஆறுதல். மூவரும் ஒரே தொகுதியில் இறங்கி, ஒருத்தியின் கால் நுரையைப் பார்த்து மற்றவள் நீந்தினோம். சைக்கிளில் அது முடியாது. முன்னால் போகிறவரின் பின்னால் ஒட்டிக்கொண்டு காற்றை மறைத்து ஓடுவது விதிக்கு மாறு. ஆகவே ஏழு மணித்தியாலத்துக்கு மேல் தனித்தனியாகத்தான் மிதித்தோம். சோலார் மலை ஏற்றத்தில் சனம் வீதியை ஒரு சைக்கிள் மட்டும் போகும் ஒழுங்கை ஆக்கிவிடுகிறது. யாரென்றே தெரியாத எங்களுக்கு அவர்கள் போட்ட கூச்சலில் கால் நோவு மறந்துபோனது.

ஓட்டத்தில் மறுபடி ஒன்று சேர்ந்தோம். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை. 26 ஆவது கிலோமீற்றர் அளவில் கனடாக்காரி தலையிடி என்றாள். பிறகு சத்தி எடுத்தாள். கையைப் பிடித்துப் பார்த்தால் விரல்கள் வீங்கி மோதிரம் இறுகியிருந்தது. ஒரு பாலத்தின் கீழே நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "பாலம் தாண்டிட்டமே?" என்றாள். எந்தப் பாலத்தைக் கேட்கிறாள் என்று எங்கள் இருவருக்கும் விளங்கியது.

வெயிலும் களைப்பும் என்று வழியில் யாரும் சொல்லியிருப்பார்கள். இன்னும் தண்ணீர் கொடுத்தும் இருப்பார்கள். ஆனால் அது தண்ணீர் கூடிய நோய். வியர்வையில் போவதைவிடக் கூடக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் ஐதாகும், மூளை வீங்கும், உயிரும் போகலாம். 2002 இல் பொஸ்ரன் மரதனில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது 13 வீதமானோருக்குச் சோடியம் குறைந்திருந்தது. மெதுவாக ஓடி, மேசைக்கு மேசை குடிப்பவர்களுக்கே ஆபத்து அதிகம்.

இது தெரிந்த ஒருத்தி எங்களோடு இருந்தாளே என்று கேட்பீர்கள். அவள்தான் பயணத்துக்கு முன் மற்ற இருவருக்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தாள்: தாகம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், ஒவ்வொரு மேசையிலும் இரண்டு கப். கொழும்பு வெயிலில் ஓடிப் பழகிய தன் உடம்பை வைத்து எழுதிய கணக்கு அது. கனடாக்காரி சின்ன உடம்புக்காரி, அதிகம் வியர்க்காதவள். டொக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு கப்பையும் தவறவிடாமல் குடித்திருக்கிறாள்.

கையில் இரண்டு மணித்தியாலம், மிச்சம் 16 கிலோமீற்றர். மருத்துவக் கூடாரத்துக்குக் கூட்டிப்போய்க் கிடத்தினோம். லண்டன்காரி தானும் நிற்பேன் என்று அடம்பிடித்தாள். படுத்திருந்தவள் கண்ணைத் திறக்காமலே, "போடி விசரி, ஒராளாவது முடிக்கோணும்" என்றாள். டொக்டர் நின்றாள். சோடியம் 124, 135க்கு மேல் இருக்க வேண்டியது. 3 வீத உப்புக் கரைசல் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். எங்கே இருக்கிறோம் என்று அவள் சரியாகச் சொல்ல முக்கால் மணித்தியாலம் ஆனது. அதற்குப் பிறகு எழுந்து ஓட நேரம் இருக்கவில்லை, மனமும் இருக்கவில்லை.

1982 இல் ஹவாயில் ஜூலி மொஸ் என்ற மாணவி கடைசி மீற்றர்களைத் தவழ்ந்து முடித்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. இந்த விளையாட்டு பிரபலமானதற்கு அதுவும் ஒரு காரணம். நாங்களும் அதைப் பார்த்து அழுதவர்கள்தான். இப்போது பார்த்தால் அவரது முகத்தையும் விரல்களையுமே கவனிக்கிறோம்.

லண்டன்காரி 14 மணி 51 நிமிடத்தில் அரங்குக்குள் போனாள். வாணவேடிக்கைச் சத்தம் கூடாரம் வரை கேட்டது. பதக்கத்தைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்தாள். ஒருத்தரும் தொடவில்லை. பசிக்கிறது, சோறு எங்கே கிடைக்கும் என்றுதான் கனடாக்காரி கேட்டாள்.

அந்தத் தாளுக்காக டொக்டர் இன்னும் மன்னிப்புக் கேட்டு முடியவில்லை. கேட்கத் தொடங்கினாலே அவள் பேச்சை மாற்றிவிடுவாள். புதுத் தாளை அவளே எழுதியிருக்கிறாள்: தாகம் வந்தால் குடி, வராவிட்டால் குடியாதே. மூன்று பேரும் மறுபடி பதிந்திருக்கிறோம்.

சங்கத்திடம் ஒரு கோரிக்கை. நூற்றாண்டு நிதியில் ஒரு பங்கை ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்க ஒதுக்குங்கள். குளம் கட்ட வேண்டாம், பழக்குபவரும் பஸ் செலவும் போதும்.

அன்றைக்கு மோதிரத்தை வெட்டித்தான் எடுத்தார்கள். நல்லூரில் கொடுத்து ஒட்டுவித்துப் போட்டிருக்கிறாள். மூன்றாவது வரிசையில், பச்சைச் சேலை. தேநீர் நேரத்தில் கேட்டால் காட்டுவாள்.