வினாவைப் பிள்ளைகளிடம் கொடுப்போம்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



மிசன் பாடசாலையிற் படித்தவர்கள் சைவச் சபையிலே சமயக் கல்வியைப் பற்றிப் பேசுவதா என்று பெரியவர்கள் சிலர் எண்ணக்கூடும். அவர்களுக்கு நாம் காட்டும் சான்று ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்களே. நாவலரும் யாழ்ப்பாணத்து வெசிலியன் மிசன் பாடசாலையிற் படித்தவர், அங்கேயே கற்பித்தவர், பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றவர். அங்கே கண்ட நல்ல முறைகளை அவர் ஒதுக்கித் தள்ளவில்லை. 1847 டிசம்பர் 31 இல் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தைத் தொடங்கினார். 1848 இல் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். பிள்ளைகளின் படிக்கேற்பப் பாலபாடங்களை எளிய வசனநடையில் எழுதினார். பாதிரிமார் கையாண்ட வினாவிடை முறையிலேயே சைவ வினாவிடையையும் செய்தளித்தார். பாலபாடத்தின் நான்காம் புத்தகத்திலே கடவுளைப் பற்றிப் படிக்கும் பிள்ளை, களவு, பொய், செய்ந்நன்றி என்பன பற்றியும் அதிலேயே படிக்கும். சமயமும் குடியியலும் அவருக்கு இரு வேறு பாடங்களல்ல.

அதன் பின் 170 ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டன. நாம் என்ன செய்தோம்? விடையைப் பாதுகாத்தோம், வினாவை மறந்தோம். ஆசிரியர் கேட்பார், பிள்ளை ஒப்புவிக்கும், அதோடு பாடம் முடியும். மனனம் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. தேவாரம் மனத்திற் பதிய வேண்டிய வயது அதுதான். ஆனால் ஒப்புவிக்கும் பிள்ளை தானாக ஒரு கேள்வி கேட்கவும் பழக வேண்டும். இன்று கேளாத பிள்ளை நாளைக்குப் பிரதேச சபையிலும் கேளாது. கோயிற் கணக்கையும் கேளாது.

கேட்டுப் பழகுவதற்கு எங்கள் தீவகத்தைப் போல வாய்ப்பான இடம் வேறில்லை. குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் புறப்படும் படகிலே, நாகபூஷணி அம்மன் அடியாரும் நாகதீப விகாரைக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகரும் ஒன்றாக அமர்ந்து வருகின்றனர். அத்தீவிலே முஸ்லிம் மக்களுக்குப் பள்ளிவாசலும் உண்டு. ஊர்காவற்றுறையிலோ கத்தோலிக்கர் எங்கள் அயலவர். சமயபாட வேளையிலே பிள்ளைகள் பிரிந்து இருக்கிறார்கள். பிரிந்தவர்களை மீண்டும் ஓரிடத்திற் கூட்டுவதே குடியியலின் வேலை.

எப்படிக் கூட்டுவது? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரையும் நயினாதீவின் அமுதசுரபி அன்னதான மண்டபத்துக்கு அழைத்துச் செல்வோம். நாம் ஒன்றும் விளக்க வேண்டாம். ஒவ்வொரு பிள்ளையும் மூன்று வினா எழுதி வரட்டும். இந்த அரிசியை யார் தந்தார்? சமைக்க நன்னீர் எங்கிருந்து வந்தது? பந்தியில் யாருக்குப் பக்கத்தில் யார் இருந்தார்? உண்ட இலை எங்கே போகிறது? அரிசியைக் கேட்டால் ஈகை வரும். நீரைக் கேட்டால் கிணற்றைப் பேணுங் கடமை வரும். நன்னீருக்கு அல்லற்படும் நெடுந்தீவுப் பிள்ளைக்கு அதுவே முதற்பாடம். பந்தியைக் கேட்டால் சமத்துவம் வரும். 1999 இல் நாடெங்கும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், ‘சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள்’ என்ற பாடத்தின் மூலம் இத்தகைய கற்பித்தலுக்கு வழி திறந்துவிட்டது.

போராலும் இடப்பெயர்வாலும் தீவகத்துப் பாடசாலைகள் பலவற்றிற் பிள்ளைகள் தொகை குறைந்துவிட்டது. ஓர் ஆசிரியரே இரண்டு மூன்று வகுப்புகளை நடத்த நேரின் என் செய்வது? எங்கள் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சட்டாம்பிள்ளையை மீண்டும் அழைக்கலாம். பிள்ளைகள் மணலில் எழுதிக் கற்பதைச் சென்னையிலே கண்ட அன்றூ பெல் என்பவர், மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் முறையை அங்கே நடத்திப் பார்த்து, 1797 இல் இங்கிலாந்திலே நூலாக வெளியிட்டார். அது ‘மதராஸ் முறை’ என்று உலகெங்கும் பரவியது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுதிவந்த வினாவை மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்கட்டும், இருவரும் கற்பர்.

இன்னொன்றையும் மறைக்காமற் சொல்லவேண்டும். பிள்ளை புத்தகத்தைவிட எங்களையே கூர்ந்து படிக்கிறது. 1930 ஆம் ஆண்டளவில், அரசின் உதவி பெறும் பாடசாலைகளில் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் சம ஆசனம் என்ற விதி வந்தபோது யாழ்ப்பாணத்திலே கடும் எதிர்ப்பு எழுந்தது. எல்லாரும் இறைவன் பிள்ளைகள் என்று பாடம் சொன்னது. நீ நிலத்தில் இரு என்று வகுப்பறை சொன்னது. எதைப் பிள்ளை நம்பும்? அன்று சமத்துவத்தின் பக்கம் நின்றவர்கள், 1924 இல் மாணவர் காங்கிரசாகத் தோன்றிய வாலிபர் காங்கிரசார். சைவரும் கிறிஸ்தவருமாக ஒன்றுகூடிய அவர்கள் எங்களைப் போன்ற இளைஞர்களே.

ஆகவே சங்கத்திடம் நாம் வேண்டுவது சிறிது. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அறநெறி வகுப்பை வினா வகுப்பாக நடத்துவோம். கோயிலையும் துறையையும் கிணற்றையும் பாடமாக்க இளைஞர்கள் முன்வரட்டும். பெரியோர்கள் வந்திருந்து பிள்ளைகளுக்கு விடை சொல்லட்டும். விடை தெரியாவிட்டால், “இருவருமாகத் தேடுவோம், வா மோனை” என்று சொன்னாற் போதும். “வாயை மூடு” என்று மாத்திரம் சொல்லவேண்டாம்.

நயினை நாகபூஷணி அம்பாள் துணைநிற்பாளாக.