திரும்ப அழைக்க ஒரு செல்போன்

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைப் பற்றிப் பேசத் தஞ்சை மாவட்டத்துக்குத் தனி உரிமை உண்டு. தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் 2007-இல் இதற்கான பரிசோதனையை முதலில் நடத்திப் பார்த்தது தேனியிலும் இங்கேயும்தான். பிறகுதான் அது மாநிலம் முழுவதும் போனது. செவிலியர் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார். வெள்ளைத் திட்டுத் தெரிந்தால் மேல்பரிசோதனை. அவ்வளவே. திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரே ஒருமுறை இப்படிப் பார்த்துச் சிகிச்சை தந்ததிலேயே இந்த நோயால் வரும் சாவு 35 சதவீதம் குறைந்தது என்று 2007-இல் 'லான்செட்' இதழ் வெளியிட்டது. அப்படியிருந்தும், 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி 30 முதல் 49 வயதுப் பெண்களில் இந்த நோய்க்கான பரிசோதனை செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். நாட்டின் சராசரி 1.9தான் என்பதில் நாம் பெருமைப்பட ஒன்றுமில்லை.

இந்த இடத்தில்தான் செல்போன் வருகிறது. ஜாம்பியாவில் செவிலியர்கள் டிஜிட்டல் கேமராவில் படமெடுத்துத் தொலைவிலுள்ள மருத்துவரிடம் கருத்துக் கேட்டார்கள். இன்று அதைச் செல்போனே செய்யும். நல்லதுதான். ஆனால் அதைவிடப் பெரிய வேலை, திட்டு தெரிந்த பெண்ணைத் திரும்ப வரவழைப்பது. அவளுக்கு வலியில்லை. நோய் முற்றப் பத்தாண்டுகூட ஆகலாம். குறுவை நடவு நேரத்தில் ஒருநாள் கூலியை விட்டு, பஸ் ஏறித் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரிக்கு ஏன் போகவேண்டும் என்று அவள் தள்ளிப்போடுவது இயல்பு. நடவும் களையெடுப்பும் இல்லாத நாளாகப் பார்த்து, ஊருக்குத் தெரிந்த கிராம சுகாதார செவிலியரே போனில் கூப்பிட்டு, "வியாழக்கிழமை வாங்கக்கா, நானும் கூட வர்றேன்" என்று சொன்னால் அந்தப் பயணம் நடக்கும்.

போன் கணவர் கையிலோ மகன் கையிலோ அல்லவா இருக்கிறது என்பார்கள். உண்மை. ஆகவே நோயின் பெயரையோ முடிவையோ குறுஞ்செய்தியில் எழுதக்கூடாது. யாரிடம், எந்த நேரத்தில் பேசலாம் என்பதைப் பரிசோதனை அன்றே அவளிடம் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும். போனே இல்லாதவர் வீட்டுக்கு, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் தன்னார்வலர் நேரில் போகட்டும். மருத்துவர் பற்றாக்குறை இருக்கையில் போனுக்குச் செலவா என்ற கேள்வி இன்னும் கனமானது. அழைத்துவிட்டுச் சிகிச்சை தராமல் அனுப்புவது கொடுமை; அழைப்புக்கு முன்பே சிகிச்சைக்கு நாள் குறித்திருக்க வேண்டும்.

உள்ளாட்சிப் பிரதிநிதிகளே, சுயஉதவிக் குழுத் தலைவிகளே, அடுத்த கிராமசபையில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: நம் ஊரில் எத்தனை பேருக்குத் திட்டு தெரிந்தது? அவர்களில் எத்தனை பேர் சிகிச்சை முடித்தார்கள்? பெயர் வேண்டாம், எண்ணிக்கை போதும்.