பனிநாட்டுப் பயணமும் மருத்துவக் காப்புறுதியும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மார்கழி விடியலின் குளிருக்கே முதியோர் தலையிற் சால்வையைச் சுற்றிக்கொள்வர். ஆயினும் அக்குளிரில் நீர் உறைவதில்லை. ரொறொன்ரோ நகரிலோ தை மாதத்தின் சராசரி வெப்பநிலை நீர் உறையும் நிலைக்குங் கீழே நிற்கின்றது. நடைபாதை கண்ணாடிபோல் இறுகிக் கிடக்கும். மணலிலும் செம்மண்ணிலும் நடந்து பழகிய கால்கள் அதன்மேல் முதன்முறை ஊன்றும்போது வழுக்குதல் இயல்பே. அறுபதைக் கடந்தவரின் எலும்பு ஒரு வழுக்கலையும் தாங்காது முறியக்கூடும்.

கனடாவிலும் சுவிற்சர்லாந்திலும் நோர்வேயிலும் வாழும் பிள்ளைகளைக் காணக் குடாநாட்டிலிருந்து பெற்றோர் செல்வது இன்று வழக்கமாகிவிட்டது. கம்பளியுடுப்பும் பருத்தித்துறை வடையும் மறவாது பெட்டியில் ஏறுகின்றன. மருத்துவக் காப்புறுதியோ பெரும்பாலும் விசாவுக்கு வேண்டிய ஒரு தாளாகவே எண்ணப்படுகின்றது. இவ்வெண்ணத்துக்குக் காரணமும் உண்டு. இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைச் சிகிச்சை இலவசம். கனடாவிலும் அவ்வாறே என்பர் சிலர். அந்நாட்டின் பொதுச் சுகாதாரத் திட்டம் அங்கு வதிவோருக்கு உரியது. பார்க்க வந்த விருந்தினருக்கு உரியதன்று. விருந்தினரின் சிகிச்சைச் செலவு அவர்தம் பிள்ளைகளின் தலையிலேயே விழும்.

சட்டம் கூறுவது யாது? பெற்றோருக்கும் பாட்டன் பாட்டியருக்கும் என 2011ஆம் ஆண்டில் கனடா ஏற்படுத்திய சிறப்பு விசாவுக்கு, குறைந்தது 100,000 கனடிய டொலர் பெறுமதியுள்ள காப்புறுதி, நாட்டினுட் புகும் நாள் முதல் ஓராண்டுக்கு இருத்தல் வேண்டும். ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குரிய குறுகியகால விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ வேண்டும். கனடாவின் சாதாரண வருகை விசாவுக்குக் காப்புறுதி கட்டாயமன்று. எனினும் கட்டாயமில்லாதது தேவையில்லாதது ஆகிவிடாது.

பத்திரத்தைத் தெரிவோர் கட்டணத்தை மட்டும் ஒப்பிடுதல் போதாது. செலவின் முதற்பகுதியாக நோயாளியே ஏற்கவேண்டிய தொகை எவ்வளவு என்று பார்த்தல் வேண்டும். அத்தொகை கூடினாற் கட்டணம் குறையும். ஆனால் விபத்து நேரும் நாளிற் கைப்பணம் மிகுதியாக வேண்டும். பயணத்துக்கு முன்னரே பத்திரத்தை எடுத்தல் நன்று. போய்ச் சேர்ந்தபின் எடுக்கும் பத்திரங்கள் பலவற்றில், முதற் சில நாள்களில் தோன்றும் நோய்க்கு இழப்பீடு கிடையாது.

பேரப்பிள்ளைகளோடு பனியில் விளையாட எண்ணுவோர் மற்றொன்றையும் கவனித்தல் வேண்டும். நடைபாதையில் வழுக்கி விழுதல் சாதாரண விபத்து. பலகை பூட்டி மலைச்சரிவிற் சறுக்குவதைப் பல பத்திரங்கள் விலக்கிவிடுகின்றன. அல்லது மேலதிகக் கட்டணம் கேட்கின்றன. ஏற்றுக்கொள்ளும் பத்திரமும், குறிக்கப்பட்ட பாதைக்கு வெளியே சறுக்கியதையோ மதுபோதையில் நேர்ந்ததையோ ஏற்காதிருக்கலாம். மலையிலிருந்து ஹெலிகொப்டரில் இறக்கும் செலவு அடங்குமா என்பதையும் எழுத்திற் காணல் வேண்டும்.

இவை யாவற்றினும் முதன்மையானது நோயை மறையாமை. ரொறொன்ரோவில் இருக்கும் மகன், தந்தைக்கான விண்ணப்பத்தைத் தானே நிரப்புகின்றான். நீரிழிவு உண்டா, நெஞ்சுநோய் உண்டா என்ற வினாக்களுக்குத் தான் அறிந்தவரை விடை எழுதுகின்றான். தந்தையோ, பிள்ளை கவலைப்படுவான் என்று, சென்ற ஆவணியில் வைத்தியர் புதிய குளிசை கொடுத்ததைக் கூறாதிருக்கின்றார். அன்பினாற் செய்த மறைப்பே பின்னர் அப்பிள்ளையைக் கடனாளி ஆக்குகின்றது. காப்புறுதி என்பது முழு உண்மையின்மேற் கட்டப்பட்ட உடன்படிக்கை. பிழையான விடை கண்டால் நிறுவனம் இழப்பீட்டை மறுக்கும். முன்பே உள்ள நோயை ஏற்கும் பத்திரங்களும், அது பயணத்துக்கு முன் 90 நாளோ 180 நாளோ மாற்றமின்றி இருந்திருத்தல் வேண்டும் என விதிப்பதுண்டு. குளிசையின் அளவைக் கூட்டியதும் மாற்றமெனக் கொள்ளப்படலாம். ஆதலால், கிளினிக் கொப்பியை முன்னே வைத்து, தந்தையும் மகனும் தொலைபேசியில் ஒவ்வொரு வினாவையும் சேர்ந்தே நிரப்புவார்களாக. விண்ணப்பித்தபின் வைத்தியர் மருந்தை மாற்றினால், மருந்தை விடாது உட்கொண்டு, நிறுவனத்துக்கு அதனை அறிவித்தல் வேண்டும்.

பத்திரத்தின் இலக்கமும் அவசரத் தொலைபேசி எண்ணும் பயணியின் சட்டைப்பையில் இருப்பது நன்று. உயிராபத்தாயின் முதலில் வைத்தியசாலை. அடுத்த அழைப்பு நிறுவனத்துக்கு. பற்றுச்சீட்டு ஒவ்வொன்றையும் பேணுதல் வேண்டும்.

மாரிக்கு முன்னரே கூரை வேய்வது குடாநாட்டார் நன்கறிந்த முறை. ஒழுக்குத் தொடங்கியபின் ஓலை தேடுவார் இலர். பனிநாடு செல்வோருக்கும் அம்முறையே பொருந்தும்.