ஒரு நெடில் நேரம்

வெளியே வெயில் எப்படியும் 32 டிகிரிக்குக் குறையாது. நான் பேசப்போவதோ ஐஸைப் பற்றி. சாப்பிடும் ஐஸ் காச்சாங் அல்ல. ஐஸ் மேல் சறுக்கி ஆடும் ஃபிகர் ஸ்கேட்டிங். அதிலும் ஒரே ஒரு தாவல்.

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறேன். முட்டி வலிக்காரர்கள், முதுகு பிடித்துக்கொண்டவர்கள், பரதம் ஆடும் பிள்ளைகள், இவர்கள்தான் என் உலகம். மூன்று வருடத்துக்கு முன்னால் கிள்ளானிலிருந்து ஓர் அம்மா பதினோரு வயது மகளைக் கூட்டி வந்தார். பிள்ளையின் இடுப்பில் ஒரு பக்கம் முழுக்கக் கன்றி நீலம் பாரித்திருந்தது. "எங்கேம்மா விழுந்தா?" என்று கேட்டேன். "ஒரே இடத்துலதான் டாக்டர். தினமும்" என்றார். (நான் டாக்டர் இல்லை என்று சொல்லிச் சொல்லி எனக்கே அலுத்துவிட்டது.)

அந்த இடம் சன்வே பிரமிட் பேரங்காடியின் ஐஸ் தளம். விழ வைத்தது டபுள் ஆக்ஸல்.

ஆக்ஸல் பால்சன் என்ற நார்வேக்காரர் 1882இல் வியன்னாவில் முதலில் செய்து காட்டிய தாவல்தான் ஆக்ஸல். அவர் பெயரே நிலைத்துவிட்டது. மற்ற முக்கியத் தாவல்களெல்லாம் பின்பக்கமாகச் சறுக்கியபடி எழும்புபவை. அவற்றில் இது ஒன்றுதான் முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு எழும்ப வேண்டியது. ஆனால் இறங்குவது எல்லாவற்றையும் போலப் பின்பக்கமாக. அதனால் அரைச் சுற்று கூடிவிடுகிறது. டபுள் என்றால் இரண்டரை, டிரிபிள் என்றால் மூன்றரை. அரைச் சுற்றுதானே என்று நினைக்காதீர்கள். அந்த அரைச் சுற்றுக்காக வருடக்கணக்கில் விழுகிறார்கள்.

என்னை இதில் மயக்கியது நேரக் கணக்கு. பள்ளியில் மாத்திரை படித்தோம், நினைவிருக்கிறதா? கண் இமைக்கும் நேரம், கை நொடிக்கும் நேரம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. டபுள் ஆக்ஸலில் பிள்ளை காற்றில் இருப்பது அரை வினாடிக்குச் சற்றே கூடுதலாக. பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா "ஆ" என்பார். அந்த ஒரு நெடிலுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

அதற்குள் உடம்பு என்னவெல்லாம் செய்கிறது தெரியுமா? இடது கால் பிளேடின் வெளி விளிம்பில் முன்னோக்கி வந்து, முட்டியை மடக்கி, படி ஏறுவதுபோல வலது காலை வீசி எழும்புகிறது. உடனே பாரத்தை இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாற்றி, கைகளை மார்போடு ஒடுக்கி, காலைப் பின்னிக்கொண்டு சுற்றுகிறது. பிறகு விரிந்து, வலது கால் ஒன்றிலேயே பின்பக்கமாக இறங்குகிறது. பிளேடின் தடிமன் நான்கு மில்லிமீட்டர் அளவுதான். உடல் எடையைப்போல ஐந்து மடங்கு, அதற்கும் மேலே அந்த ஒற்றைக் காலில் இறங்குகிறது.

பிள்ளை உயரம் போதவில்லை என்று நம்பிக்கொண்டிருந்தாள். அம்மா கைப்பேசியில் எடுத்த காணொளியை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். உயரம் இருந்தது, கைகள்தாம் தாமதமாக ஒடுங்கின. அவளை என் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, இரண்டு கையிலும் தண்ணீர் போத்தலைக் கொடுத்து, விரிக்கச் சொல்லிச் சுற்றிவிட்டேன். "இப்ப நெஞ்சோட சேர்த்துக்கோ" என்றதும் நாற்காலி பறந்தது. அவளும் பறந்தாள், சுவர் வரைக்கும். அன்றிலிருந்து கிளினிக்குக்கு வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் அந்த நாற்காலி வேண்டுமாம். ஒரு சக்கரம் போயே போய்விட்டது.

இன்னொரு சங்கடம், அவள் பரதமும் ஆடுபவள். அரைமண்டி அவள் முட்டிக்கு நல்ல பலம் கொடுத்திருந்தது. ஆனால் பரதத்தில் பாதம் முழுசாகத் தரையில் தட்ட வேண்டும். இங்கே முன்பாதம் முதலில் தொட்டு, பிறகுதான் பிளேடு பதிய வேண்டும். பழகிய கால் சட்டென்று கேட்குமா? ஒற்றைக் காலில் நிலைகொள்ளப் பழக, பல் துலக்கும்போது கண்ணை மூடி வலது காலில் நிற்கச் சொன்னேன். வீட்டில் தம்பி வந்து தள்ளிவிடுவானாம்.

பயிற்சிப் படிகளைச் சொல்ல உட்கார்ந்தேன், நேரம் ஓடுகிறது. முதலில் அரைச் சுற்று வால்ட்ஸ் தாவல், பிறகு ஒன்றரை, தரையில் காலணியோடு ஒத்திகை, இடுப்பில் வார் கட்டிப் பயிற்சியாளர் கயிற்றால் தூக்கிப் பிடிப்பது, அப்புறம் தனியாக.

இதே சன்வே தளத்தில் சிறுவனாகப் பழகியவர்தான் ஜூலியன் யீ. 2017இல் நம் கோலாலம்பூரில் நடந்த தென்கிழக்காசிய (சீ) விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் மலேசியாவின் முதல் ஃபிகர் ஸ்கேட்டராக ஆடினார். அடுத்த சுற்றுக்கு 24 பேர், அவர் 25ஆவது. ஜப்பானின் மிடோரி இட்டோ 1988இல் மூன்றரைச் சுற்று சுற்றிய முதல் பெண். அமெரிக்காவின் இலியா மாலினின் 2022இல் நாலரையே சுற்றிவிட்டார். என்னிடம் வந்த பெண்ணுக்கு இரண்டரை போதும்.

ஒரு வருடத்தில் அது வந்தது. அம்மா இரவு பதினோரு மணிக்குக் குரல் பதிவு அனுப்பினார். அழுகை மட்டும்தான் கேட்டது. ஆறே மாதத்தில் தாவல் போய்விட்டது. பிள்ளை நான்கு சென்டிமீட்டர் வளர்ந்திருந்தாள். கை நீண்டது, இடுப்பு அகன்றது. பழைய கணக்கு புதிய உடம்புக்குப் பொருந்தவில்லை. "எனக்கு மறந்துபோச்சு" என்று முகத்தை மூடிக்கொண்டாள். மறக்கவில்லையடி, சட்டை சிறுத்துப்போச்சு, வேறு தைக்கணும் என்றேன். வளரும் பெண்பிள்ளைகளிடம் "சோம்பேறித்தனம்" என்று சொல்லும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அப்படிச் சொல்பவர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் மேலும்தான்.

மறுபடியும் நாற்காலி, போத்தல், பல் துலக்கல். இப்போது அவளுக்குப் பதினான்கு வயது. போன வாரம் மூன்றில் ஒன்று ஒழுங்காக இறங்கியதாம். ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அப்பால் நேரம் முடிந்தது என்று கை காட்டுகிறார்கள். வரும் ஞாயிறு காலை, பேரங்காடி திறக்கும் முன்பு, அவள் அம்மாவோடு நானும் அங்கே நிற்பேன். "ஆ" சொல்ல வாய் தயார்.