தைக்குத் தை, மாசிக்கு மாசி



தரவகத்தில் இட்ட வினவல் ஒன்று நொடியில் விடை தராமல் நெடுநேரம் கிடக்குமானால், பொறியின்மேல் பழி போடுவதே பலர்க்கும் எளிதாக இருக்கின்றது. பெரிய கணினி வாங்கு, நினைவகத்தைக் கூட்டு என்னும் கூச்சல் உடனே எழுகின்றது. பொறி என்ன எண்ணிற்று என்று கேட்பார் இல்லை. கேட்டால் அதுவே எழுதிக் காட்டுமே!

வேண்டுவதை மட்டும் கேட்டாற் போதும், அடையும் வழியைக் கணினியே தேரும் என்னும் முறைக்கு, 1979-இல் ஐ.பி.எம். ஆய்வகத்தின் பற்றீசியா செலிஞ்சரும் உடனாய்வாளரும் வெளியிட்ட கட்டுரை அடித்தளமிட்டது. வழிகள் பலவற்றுக்கும் செலவு கணித்துக் குறைந்ததைக் கொள்ளும் அவ்வுறுப்பே திட்டமிடி.

போசுட்கிரெசு என்னும் கட்டற்ற தரவகத்தைப் பாருங்கள். 2018-இல் வந்த அதன் 11-ஆம் பதிப்பு, கூறிட்ட அட்டவணைகளைக் கூறோடு கூறாக இணைக்கக் கற்றது. இனி, மின்வழங்கும் அலுவலகம் ஒன்று இருப்பதாகக் கொள்க. கட்டணப் பட்டியல்கள் ஓர் அட்டவணை. செலுத்திய தொகைகள் மற்றோர் அட்டவணை. இரண்டும் திங்கள்தோறும் பன்னிரு கூறுகள். பட்டியல் எண்ணைக் கொண்டு இரண்டையும் இணைக்குமாறு வினவப்படுகின்றது. தைக்குத் தை, மாசிக்கு மாசி எனப் பன்னிரு சிற்றிணைப்புகள் போதுமென்றே எவரும் கருதுவர். திட்டமிடியோ இருபுறத்துக் கூறுகளையும் முழுதாகக் கொட்டிக் குவித்துப் பேரிணைப்புச் செய்கின்றது.

இதனைக் கண்டறிவது அரிதன்று. வினவலின் முன்னே ‘எக்சுபிளெயின்’ என்னும் கட்டளையை இட்டால் திட்டம் மரம்போல் விரியும். ‘அப்பெண்டு’ என்னும் சேர்ப்புக் கணு உச்சியிலும் இணைப்புகள் அதன் கீழும் இருந்தால் கூறுவழி இணைப்பு நிகழ்கின்றது. இணைப்பு உச்சியிலும் சேர்ப்புக் கணுக்கள் கீழும் இருந்தால் நிகழவில்லை.

கரணியங்கள் பல. திட்டமிடும்பொழுதே மிகுந்த உழைப்பையும் நினைவகத்தையும் உண்ணும் என்பதால், இவ்வசதி அணைத்து வைக்கப்பட்டே வருகின்றது. அதனை இயக்கிய பின்னும் மறுத்தால், கூறிட்ட பத்தியின் வகையைப் பார்க்க வேண்டும். ஒன்றில் நாள் மட்டும், மற்றொன்றில் நாளும் நேரமும் என்றிருந்தால், கண்ணுக்கு ஒன்றாயினும் திட்டமிடிக்கு அவை வேறு. கூறுகளின் எல்லைகள் பொருந்தவும் வேண்டும். 2020-இல் வந்த 13-ஆம் பதிப்பே அக்கெடுபிடியைச் சற்றுத் தளர்த்திற்று. தாய் அட்டவணைக்குரிய புள்ளிக்குறிப்பு தானாக எடுக்கப்படுவதில்லை என்பதும் நினைவில் நிற்கட்டும். ‘அனலைசு’ கட்டளையை ஆள்தான் இடவேண்டும். அதனை மறந்துவிட்டுத் திட்டமிடியைத் திட்டுவோர் உண்டு!

மேற்சொன்ன அலுவலகத்தில் கரணியம் வேறு. கூறிட்டது திங்களால், இணைத்தது பட்டியல் எண்ணால். தைப் பட்டியலுக்குரிய பணம் தைக் கூற்றில்தான் உள்ளது என்று திட்டமிடிக்கு எவரும் சொல்லவில்லை. ‘திங்களும் ஒத்திருக்க’ என ஒரு வரியைச் சேர்த்தால் கூறுவழி இணைப்புக்குத் தடை நீங்கும்.

ஆனால், அவ்வரி உண்மைதானா? செலுத்துகை அட்டவணை பட்டியலின் திங்களால் கூறிடப்பட்டதா, பணம் கட்டிய திங்களால் கூறிடப்பட்டதா? பின்னதாயின், தைப் பட்டியலுக்கு மாசியில் பணம் கட்டிய ஏழையின் பதிவு இணையாமலே நழுவிவிடும். பிழைச்செய்தி எதுவும் வாராது. விடை விரைந்து வரும். கட்டியவர் கட்டாதவராக எண்ணப்படுவார். அவர் வீட்டு விளக்கு அணையும். அந்நிலையில் திட்டமிடியின் தயக்கமே முறையானது. விரைவு வேண்டுமானால் செலுத்துகையிலும் பட்டியலின் திங்களைப் பதிந்து, அதனாலேயே கூறிட வேண்டும்.

எவ்வழியாயினும், பழைய விடையையும் புதிய விடையையும் பதிவு எண்ணிக்கையாலும் மொத்தத் தொகையாலும் ஒப்பிட்ட பின்னரே மாற்றத்தை ஏற்க வேண்டும். ஒரு திங்களை மட்டும் ஒப்பிடுதல் போதாது. திங்களின் கடைசி நாளில் எழுந்த பட்டியல்களைத் தனியே எடுத்து, ஒவ்வொன்றாகப் பார்த்தல் வேண்டும்.