பழைய படகுக்கு நியாய விலை

(கடற்கரைக் கிராமப் பஞ்சாயத்து அங்கத்தினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சந்தையிலே மாடு பிடிக்கப் போகிறவர் முதலில் என்ன செய்கிறார்? பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நாலு அடி நடக்கவிட்டுப் பார்க்கிறார். அதன் பின்னரே துண்டுக்கடியில் விரலைப் பிடித்து விலை பேசத் தொடங்குகிறார். மாட்டின் விலையில் இத்தனை நிதானம் காட்டுகிற நாம், பழைய படகு ஒன்று விலைக்கு வரும்போது மட்டும் ஒரு முறை சுற்றிவந்து பார்த்துவிட்டு, வாய்க்கு வந்த தொகையைச் சொல்லிவிடுகிறோம். இதனால் விளையும் கேடு சிறிதன்று. இன்று அதைப் பற்றியே உங்களோடு பேச விரும்புகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கடற்கரை ஊரில் நாம் கண்ட நிகழ்ச்சி இது. கணவனை இழந்த ஓர் அம்மையார் வீட்டிலிருந்த படகை விற்க முன்வந்தார். ஏலம் எடுக்கும் வியாபாரி ஒருவர், தாம் முன்பணமாகக் கொடுத்திருந்த கடனைக் காட்டி, மிகக் குறைந்த விலைக்குக் கேட்டார். உறவினர்களோ, “புதுப் படகின் விலையில் முக்கால் பங்குக்குக் குறைந்து கொடுக்காதே” என்றார்கள். அம்மையார் உறவினர் சொல்லையே ஏற்றார். அந்த விலைக்கு வாங்க ஒருவரும் வரவில்லை. படகு வெயிலிலும் மழையிலும் ஓர் ஆண்டு மணலில் கிடந்தது. முடிவில், வியாபாரி முதலில் கேட்ட விலைக்கும் குறைவாக அது போயிற்று. நாமும் அன்று உடனிருந்தோம். நியாயமான விலை எது என்று கணக்கிட்டுச் சொல்ல நமக்குத் தெரிந்திருக்கவில்லை. வாய் மூடி நின்றோம். அந்தக் குறை இனி எந்தக் கிராமத்திலும் நேரக் கூடாது என்பதே நமது எண்ணம்.

முதலாவதாக ஒன்றை மனத்திற் பதித்துக்கொள்ள வேண்டும். நாம் படகுக்குச் செலவிட்ட தொகை வேறு. இன்று அதன் பெறுமதி வேறு. சென்ற ஆண்டு வண்ணம் பூசினோம், இயந்திரத்தைப் பழுது பார்த்தோம் என்பவை உண்மையே. ஆனால் அச்செலவின் பயனை நாமே ஓரளவு அனுபவித்துவிட்டோம். அதை அப்படியே வாங்குபவர் தலையில் ஏற்ற முடியாது. தந்தை ஓட்டிய படகு என்னும் பாசத்துக்கும் சந்தையில் விலை இல்லை. அவ்வாறே, விற்பவருக்கு அவசரம் என்பதால் படகின் பெறுமதி குறைந்துவிடுவதும் இல்லை.

இரண்டாவதாக, படகின் உடல், இயந்திரம், வலை முதலிய துணைப் பொருள்கள் ஆகிய மூன்றையும் தனித்தனியே மதிப்பிட வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டி ஒரே தொகை சொல்லும்போதுதான் ஏமாற்றம் நுழைகிறது. நல்ல உடலின் மீது தேய்ந்துபோன இயந்திரம் இருக்கலாம். புது இயந்திரத்தின் கீழ் உளுத்த பலகை இருக்கலாம்.

மரத்தாலான வள்ளமாயின், ஏராவையும் அதனை ஒட்டிய பலகைகளையும் வங்குகளையும் கூரிய ஊசியால் குத்திப் பார்க்க வேண்டும். ஊசி எளிதில் உள்ளே இறங்கினால் மரம் உளுத்துவிட்டது என்று பொருள். கடற்புழு என்று நாம் சொல்வது உண்மையில் புழு அன்று. கிளிஞ்சல் இனத்தைச் சேர்ந்த ஓர் உயிர். அது வெளியே சிறு துளை மட்டும் இட்டு, உள்ளே மரத்தை நெடுகக் குடைந்துவிடும். ஆகவே துளை சிறிது என்று அலட்சியம் செய்தல் ஆகாது. ஆணிகள் துருவேறிப் பலகையில் கறை படிந்திருக்கிறதா, கலப்பற்று உதிர்ந்திருக்கிறதா என்றும் கவனிக்க வேண்டும்.

ஃபைபர் படகு என்று வழங்கும் கண்ணாடி இழைப் படகாயின் சோதனை வேறு. சிறிய மரச்சுத்தியால் உடல் முழுவதும் மெல்லத் தட்டிக்கொண்டே வர வேண்டும். ‘ணங்’ என்ற கெட்டியான ஒலி கேட்டால் நலம். ‘பொத்’ என்று மங்கிய ஒலி கேட்கும் இடத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கக்கூடும். அடிப்புறத்தில் கொப்புளங்கள் உண்டா என்று தடவிப் பார்க்க வேண்டும். இயந்திரம் மாட்டும் பின்பலகையின் உள்ளே மரம் வைத்திருப்பார்கள். அதில் நீர் புகுந்தால் வெளியே தெரியாமலே மக்கிவிடும். மிதப்பதற்காக அடைத்த நுரைப்பொருள் நீரை உறிஞ்சினால் படகு கனத்துப் போகும். முன்பு பத்துப் பேர் கரையேற்றிய படகுக்கு இன்று பதினைந்து பேர் தேவையென்றால், காரணத்தைத் தேடிப் பார்த்தே விலை பேச வேண்டும்.

26-12-2004 அன்று ஆழிப்பேரலை தாக்கிய பின்னர், நம் கடற்கரையில் ஏராளமான ஃபைபர் படகுகள் வழங்கப்பட்டன. அவற்றுள் நேர்த்தியாகக் கட்டியவையும் உண்டு. அவசரத்தில் கட்டியவையும் உண்டு. அவை இருபது ஆண்டுகளைக் கடந்துவிட்டன. ஆகையால் வயதை மட்டும் கொண்டு விலை கட்டாமல், ஒவ்வொரு படகையும் அதன் நிலை கண்டே மதிப்பிட வேண்டும்.

வெளிப்பொருத்து இயந்திரத்தை நேரில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். குளிரூட்டும் நீர் தடையின்றிப் பீச்சி வருகிறதா என்று நோக்க வேண்டும். பல்சக்கரப் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே நீர் புகுந்திருக்கிறது என்று அறியலாம். ஒவ்வொரு நாளும் நன்னீர் விட்டுக் கழுவி வைத்த இயந்திரத்துக்கும், உப்பு நீரோடு விட்டுவைத்த இயந்திரத்துக்கும் ஆயுளில் பெரும் வேற்றுமை உண்டு.

மூன்றாவதாக, விலையைக் கணக்கிடும் முறையைக் காண்போம். நம் ஊரிலும் அண்டை ஊர்களிலும் கடந்த ஓராண்டில் அதே நீளமும் ஏறக்குறைய அதே வயதும் உள்ள படகுகள் என்ன விலைக்கு விற்றன என்று விசாரிக்க வேண்டும். சொன்ன விலை பயன்படாது. பணம் கைமாறிய விலையே வேண்டும். ஓர் உதாரணம் சொல்லுவோம். பழுதில்லாத மூன்று படகுகளின் உடல் மட்டும் ரூ. 95,000, ரூ. 1,05,000, ரூ. 1,10,000 என்று விற்றதாக வைத்துக்கொள்வோம். நடுவிலை ரூ. 1,05,000. நம் படகின் பின்பலகையை மாற்ற ரூ. 12,000 ஆகும் என்று தச்சர் சொல்கிறார். அதைக் கழித்தால் ரூ. 93,000. இயந்திரத்தைத் தெரிந்த மெக்கானிக் ரூ. 40,000 மதிக்கிறார். ஆக மொத்தம் ரூ. 1,33,000. இதுவே நியாய விலை. பேரத்துக்குச் சிறிது இடம் விட்டு ரூ. 1,40,000 என்று சொல்லலாம். ரூ. 1,28,000-க்குக் கீழே இறங்குவதில்லை என்று மனத்துக்குள் முடிவு செய்து கொள்ளலாம். இரண்டு லட்சம் என்று சொல்லிவிட்டுப் பாதியாக இறங்குபவரை யாரும் நம்பமாட்டார்கள். பழுதை மறைக்காமல் முன்னரே சொல்லி, அதற்கான தொகையைக் கழித்திருப்பதையும் காட்டினால், வாங்குபவருக்கு மேலும் குறைத்துக் கேட்கக் காரணம் அகப்படாது.

காலமும் கவனிக்கத்தக்கது. கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 முடிய 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறது. அக்காலத்தில் விசைப்படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பார்கள். அடிப்புறத்தைச் சோதிக்க அதுவே தக்க சமயம். ஆனால் வருவாய் இல்லாத அந்நாட்களில் கைமுடைக்காக அவசரப்பட்டு விற்பவர் இழப்படைவார். தடை முடிந்து தொழில் தொடங்கும் வேளையில்தான் வாங்குவோர் நாடி வருவார்கள்.

நான்காவதாக, காகிதங்கள். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. மீன்வளத் துறையில் படகுக்குள்ள பதிவை வாங்குபவர் பெயருக்கு மாற்றாமல் விட்டால், பின்னர் அப்படகு செய்யும் பிழைக்கு விற்றவரே பதில் சொல்ல நேரிடலாம். மானியத்தில் பெற்ற படகாயின், அதை விற்பதற்கு நிபந்தனை உண்டா என்று துறை அலுவலகத்தில் முன்னதாகக் கேட்டறிய வேண்டும். வியாபாரியிடமோ சங்கத்திலோ பாக்கி இருந்தால், அதையும் வெளிப்படையாகச் சொல்லிச் சாட்சிகள் முன்னிலையில் தீர்த்துவிட வேண்டும். விலை வேறு, கடன் வேறு. முதலில் விலையை முடிவு செய்து, பிறகு அதிலிருந்து கடனைக் கழிப்பதே முறை. கடனைக் காட்டி விலையைக் குறைக்க இடந்தரக் கூடாது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் அலுவலகத்திலோ மீனவர் கூட்டுறவுச் சங்கத்திலோ ஒரு குறிப்பேடு வையுங்கள். ஊரில் படகு விற்கும்போதெல்லாம் அதன் நீளம், வயது, இயந்திரம், நிலை, கைமாறிய விலை ஆகிய ஐந்தையும் இரு தரப்பார் சம்மதத்துடன் எழுதுங்கள். ஓரிரு ஆண்டில் அது உங்கள் ஊருக்கே உரிய விலைப்பட்டியலாகிவிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தின் செலவுதான் ஆகும். ஆதரவற்ற ஒரு குடும்பம் நாளை படகை விற்க வரும்போது, அதைத் திறந்து காட்டி நியாயத்தைச் சொல்ல உங்களால் இயலும்.

விவசாய நண்பர்களே, இது மீனவருக்கு மட்டும் உரிய பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். பழைய பம்பு செட்டுக்கும் டிராக்டருக்கும் முறை இதுவேதான். பாகம் பாகமாகப் பாருங்கள்; கைமாறிய விலையைக் கேளுங்கள்; பழுதைக் கழியுங்கள்; காகிதத்தை மாற்றுங்கள். விற்றவர் வீட்டிலும் வாங்கியவர் வீட்டிலும் அன்றிரவு நிம்மதியாக உறங்க முடிந்தால், அந்த விலையே நியாய விலை.